பொன்னி கொட்டிய மருந்து

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பொன்னிக்குப் புடவை செக்‌ஷன். காலையில் ஒரு டம்ளர் காபி குடிப்பாள். அதன் பிறகு கடை அடைக்கும் வரை தொண்டையில் சொட்டுத் தண்ணீர் இறங்காது. கழிப்பறை மேல் மாடியில் இருக்கிறது. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அந்த ஆள் உடனே கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பெண்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மலத்தில் ரத்தம் வந்தபோது மூலம்தான் என்று விட்டுவிட்டாள். மாசக்கணக்கில் நிற்காததால் பயந்துபோய்க் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்த்தால்தான் கட்டியா என்று தெரியும் என்றார் டாக்டர். நர்ஸ் கனிமொழி பேதி மருந்துப் பொடியைக் கொடுத்தாள்.

“நாளைக்கு சாயங்காலம் ரெண்டு லிட்டர் தண்ணியில கலந்து முழுசா குடிச்சிடணுங்க்கா. குடல் சுத்தமா இருந்தாதான் உள்ள தெரியும். செவப்பு சர்பத் மட்டும் வேணாம், பாக்க ரத்தமாட்டம் இருக்கும்.”

பொன்னி தலையாட்டிவிட்டு வந்தாள். அவள் இருப்பதோ லைன் வீடு. ஐந்து குடித்தனத்துக்கும் ஒரே கக்கூஸ். மருந்து பாதி உள்ளே போனதுமே ஓட ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை போனபோது பக்கத்து வீட்டு அமராவதி கதவைத் தட்டினாள்.

“இன்னும் எவ்ளோ நேரம் பொன்னி? எங்க வூட்டுக்காரரு நிக்கிறாரு.”

ஆம்பிளை வெளியே நிற்கிறான் என்றதும் பொன்னி கூனிக்குறுகிப் போனாள். வயிறு முறுக்கியது. உள்ளே இருக்கவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. எப்படியோ வீட்டுக்குள் வந்தவள் மீதி மருந்தைச் சாக்கடையில் கொட்டினாள்.

மறுநாள் டாக்டர் பாதியிலேயே குழாயை எடுத்துவிட்டார்.

“அப்ப உள்ள கெட்டது எதுவும் இல்லதானே?” மயக்கம் தெளிந்ததும் பொன்னி ஆசையாகக் கேட்டாள்.

“பாக்கவே முடியலக்கா. குடல் சுத்தமாவல. மறுபடியும் மருந்து குடிச்சிட்டு வரணும்,” என்றாள் கனிமொழி. “ஏன் முழுசா குடிக்கல?”

கட்டிலை ஒட்டி ஒரு பாத்ரூம், கதவு திறந்தே கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த பொன்னி பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

“அந்த மருந்த இங்க வந்து குடிக்கலாமா? எத்தினி வாட்டி போனாலும் யாரும் கேக்க மாட்டாங்கல்ல?”

கனிமொழிக்கு அப்போதுதான் புரிந்தது.

“தாராளமா குடிக்கலாம்க்கா. வீட்ல வசதி எப்படின்னு நான்தான் கேட்டிருக்கணும்.”

“அப்ப நான் வூட்டுக்குப் போவல,” என்றாள் பொன்னி. “இப்பவே கலக்கிக் குடுங்க.”