கால் சாய்ந்த நான்கு

பிரான்ஸில் எங்கள் ஊரான மோல்சைமில் ரெமி ஊர்ஸ்டெல் ரொட்டி வாங்குவதே ஒரு வேடிக்கை. தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், அடியைத் திருப்பிப் பார்ப்பார். "இது நேத்துப் போட்டதுதானே?"

"கை சுடுது, அப்பவும் சந்தேகமா முசியே?" என்று கடைக்காரி கத்துவாள்.

"பழசைச் சூடு பண்ண உனக்குத் தெரியாதா?"

நாற்பது வருடம் கடைசல் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று கோல்மாருக்குப் போன மனைவி திரும்பவே இல்லை. தங்கைக்கு நிஜமாகவே நோயா என்று இன்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு மனிதரோடு யார்தான் குடித்தனம் நடத்துவது!

ஆனால் அந்தப் புத்திக்கு ஓரிடத்தில் மரியாதை இருந்தது. எங்கள் ஊரில் பிறந்த பழைய நீலப் பந்தயக் கார்கள், அந்தக் காலத்துப் புகாட்டிகள், மிஞ்சியிருப்பது சொற்பம். போலிகளோ மழைக்காலக் காளான். செப்டம்பர் ஊர்வலத்தில் எது அசல் என்ற பெயரோடு முன்னால் போகலாம், எது வாலில் வரவேண்டும் என்று எங்கள் கார் சங்கத்துக்குத் தீர்ப்புச் சொல்பவர் ரெமிதான். இஞ்சினில் பொறித்த எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார். சங்கத் தலைவர் ரைஃபின் கார்தான் அவருக்கு அளவுகோல். அதன் எண்ணில் வரும் நான்கின் கால் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். "பொறிச்சவன் கைவாகு அது. கால் நேரா நின்னா போலி," என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

பதினாறு வருடத்துக்கு முன் தெயோ வென்ட்லிங் கொண்டுவந்த காரில் நான்கு நேராக நின்றது. தெயோ திராட்சைத் தோட்டக்காரர்.

"எங்கப்பா புதுசா வாங்கின வண்டி முசியே. எங்க கொட்டகைய விட்டு வெளிய போனதே இல்ல."

"அப்பா சொன்னாராக்கும்! அப்பன்மார் சொல்லாத பொய்யா?"

தெயோ வாலில் வந்தார், வருடா வருடம். மூன்று வருடத்துக்கு முன் இறந்தும் போனார். ஒரு முறையாவது அந்தக் கார் அசல் என்ற பெயரோடு முன்னால் போகவேண்டும் என்று அவர் மனைவி ஒடீல் இந்தக் கோடையில் சங்கத்துக்கு எழுதினாள். முடியாது என்று ரெமி பதில் எழுதிவிட்டார்.

அடுத்த வாரம் ரைஃபின் காரிலிருந்து இஞ்சினை இறக்கினார்கள். புதுப் படி எடுக்க ரெமி போனார். எண்ணின்மேல் இருந்த கிரீஸைத் துடைத்தவர் திகைத்துவிட்டார். சாய்ந்த நான்குக்கு அடியில் வேறொரு எண்ணை ராவிய தடம். பழைய எண்ணை அழித்துப் புதிதாகப் பொறித்திருக்கிறான் எவனோ! கூட யாரும் இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அவர் முதலில் செய்தது கிரீஸை எடுத்து அதன்மேல் திரும்பப் பூசியதுதான்.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. முப்பது வருடத்துத் தாள்களை மேசையில் பரப்பினார். கால் சாய்ந்த நான்குகள் அத்தனையும் ஒரே தரகன் கைமாற்றிய கார்கள். நேராக நின்றவை எல்லாம் முதலில் வாங்கியவர்களின் கொட்டகைகளிலிருந்தே வந்தவை. ஊரையே சந்தேகப்பட்டவர் அளவுகோலைச் சந்தேகப்படவில்லை. மறுநாள் சங்கத்தில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னார். ரைஃப் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறினார்.

அங்கிருந்து ரெமி நேரே ஒடீல் வீட்டுக்குப் போனார். அவள் பிளம்ஸ் பழங்களைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"உங்க வண்டி அசல், மதாம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் கத்தியைக் கீழே வைக்காமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு அனுப்பினது உங்கள? ரைஃபுக்கு என் வண்டி மேல கண்ணா?"

"யாரும் அனுப்பல. ரைஃப் வண்டிதான் போலி. சங்கத்துல சொல்லிட்டேன். இந்த வருஷம் உங்க வண்டி முன்னால போகும்."

அவள் இன்னொரு பழத்தைப் பிளந்து கொட்டையை எடுத்துப் போட்டாள்.

"தெயோ உங்கமேல ஒருநாளும் கோவிச்சுக்கல, தெரியுமா? 'ரெமி கண்ணு தப்பாது, எங்கப்பாதான் என்னை ஏமாத்திட்டார்'னு முடிவு கட்டிட்டார். அப்புறம் சாகறவரைக்கும் அப்பா கல்லறைக்கு ஒரு பூ கொண்டுபோகல. 'என்னை அவர் பக்கத்துல வைக்காதே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டார். தள்ளி, சுவரோரமா வெச்சிருக்கேன்."

ரெமி தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"வண்டிய முன்னால கொண்டாந்துட்டீங்க முசியே," என்றாள் ஒடீல். "அவர எங்க கொண்டாருவீங்க?"