எங்கள் கேசட்டில் மட்டும் தாவிய பாட்டு

ஆகஸ்ட் 17, ஞாயிறு. எழுந்து பால் காய்ச்சி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, அக்காவுக்கு மாற்றுடையும் வெந்நீர்க் குடுவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினேன். பக்கவாதத்தில் அக்காவின் பேச்சு நின்றுபோனதிலிருந்து என் காலைகள் இந்த வரிசையில்தான் போகின்றன. அன்று மட்டும் பையில் கூடுதலாக ஒரு கேசட் இருந்தது. அதன் பெட்டியைத் திறந்தபோது பட்டறை எண்ணெயின் வாசனை இன்னும் லேசாக அடித்தது.

கோவை கணபதியில் எங்கள் "ஊடு" மாடியில்; கீழே அப்பாவின் லேத் பட்டறை. நான் ஏழாவதும் அக்கா பத்தாவதும் முடித்திருந்த கோடை விடுமுறையில், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மாமா மகன் ஊருக்கு வந்தபோது, ஒரு ராக் இசைக்குழுவின் கச்சேரிப் பதிவுகளைக் கொண்டுவந்தான். ஒரே பாட்டை இரண்டு ஊர்களில் ஒரே மாதிரி வாசிக்காத குழு அது. பாட்டின் வரிகள் சீக்கிரம் முடிந்துவிடும். அதன்பிறகு இரண்டு கிட்டார்களும் ஆளுக்கொரு திசையில் போய், தொலைந்து, ஒன்றையொன்று தேடி, டிரம்ஸ்காரர் பொறுமையிழந்து ஒரு தட்டு தட்டும்போது எங்கிருந்தோ ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். கூட்டத்தில் ஒருவர் இருமுவதும், பாடகர் வரியை மறந்து சிரிப்பதும்கூட அதில் இருந்தன. தப்பு நடந்தாலும் நிறுத்தாமல், அந்தத் தப்பின் வழியாகவே வேறொரு இடத்துக்குப் போய்விடுகிறார்களே என்றுதான் நாங்கள் மயங்கினோம்.

அப்பாவுக்கு அது விளங்கவேயில்லை. "ஏனம்மணி, எடுத்த பாட்ட முடிக்காம இப்படிச் சுத்தீட்டே இருந்தா, கேக்கற சனம் ஊட்டுக்குப் போக வேண்டாமா?" என்பார்.

"கேக்கறவங்க யாரும் போகலீங்கப்பா" என்பாள் அக்கா.

"அப்ப வாசிக்கறவனாச்சும் போகோணுமில்ல!"

மாமா மகன் திரும்பிப் போவதற்குள் ஒரு கச்சேரியையாவது பதிந்துகொள்ள வேண்டும் என்று, அவனுடைய வாக்மேனை ஒரு ஒயரால் எங்கள் வீட்டு "டேப்"போடு இணைத்துப் பட்டறை சாப்பாட்டுக்கு நின்ற ஒரு மதியத்தில் காவல் இருந்து பதிந்தோம். பட்டறைச் சத்தம் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் போட்டுக் கேட்போம். அதில் ஒரு இடம் உண்டு. கிட்டார் படிப்படியாக ஏறிவரும். இனி ஏற இடமில்லை என்று நினைக்கும்போது, மொத்தக் குழுவும் ஒரே நேரத்தில் உயரத் தாவி, வேகமெடுத்து, சற்று நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் கீழே இறங்கிவிடும். அக்கா அந்த இடத்துக்கு முன்பே மூச்சை இழுத்துத் தயாராகி, சரியாக அவர்களோடு சேர்ந்து கத்துவாள். உலகத்தில் வேறு யாரால் இப்படித் தாவ முடியும் என்று நாங்கள் பெருமைப்பட்டோம்.

பல ஆண்டுகள் கழித்து, அதே கச்சேரி இணையத்தில் கிடைத்தது. இருவரும் கேட்டோம். கிட்டார் ஏறியது, தாவல் வரவில்லை. திரும்பப் போட்டோம். வரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கத் தொடங்கினாள். "அடியே, அது அவனுக வாசிச்சதில்ல. அப்பா லேத்தப் போட்டது!"

அவள் சொன்னது சரிதான். பேட்டரியில் ஓடிய வாக்மேன் ஒரே சீராக ஓடியது; கீழே லேத் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் வீட்டுக் கரண்ட் இறங்கி, பதிந்துகொண்டிருந்த எங்கள் டேப் மட்டும் மெதுவாகி, பாட்டு நாடாவில் நெருக்கிப் பதிந்திருக்கிறது. முழுக் கரண்டில் போட்டுக் கேட்கும்போது அந்த இடம் மட்டும் வேகமாகித் தாவியிருக்கிறது. "இருந்தாலும் நம்முளுதுதான் நல்லா இருக்கு. அவனுககிட்ட லேத் இல்லியே" என்றாள்.

இப்போது அவள் பேச்சைத் திரும்ப வரவழைக்க, பழக்கமான பாட்டுகளைப் போட்டுக் காட்டச் சொல்லியிருந்தார் மருத்துவர். இணையப் பதிவை அவள் காதருகே எத்தனையோ முறை வைத்துவிட்டேன். கிட்டார் ஏறும் இடத்தில் அவள் கண் என்னைப் பார்க்கும், காத்திருக்கும், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். அவளுக்கு வேண்டியது அதுவல்ல. கேசட்டைப் பரணில் தேடி எடுத்துவிட்டேன். அதை ஓட்டத்தான் கருவியில்லை. அந்த ஞாயிறு மதியம் உக்கடத்தில் பழைய ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவரிடம் போனேன். அவர் ஒரு டேப்பில் கேசட்டைப் போட்டார். இருமல் கேட்டது. கிட்டார் ஏற ஆரம்பித்தது. அந்த இடம் வருவதற்கும் நாடா உள்ளே சிக்கிச் சுற்றிக்கொள்வதற்கும் சரியாக இருந்தது.

"இழுக்காதீங்கண்ணா, இழுக்காதீங்க!" என்று நான் அலறியதில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கிழிஞ்சுபோச்சுங்கக்கா" என்றார் ரேடியோக்காரர். "கந்தலா இருக்கற துண்ட வெட்டிப்போட்டு ஒட்டித் தாரேன். மிச்சமெல்லாம் நல்லாப் பாடுமுங்க."

"அந்தத் துண்டுதானுங்கண்ணா வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். யோசித்துச் சொல்வதாகக் கேசட்டை அவரிடமே விட்டு வந்தேன். இன்னொன்று பதிய வழியில்லை. அப்பா போய்விட்டார், லேத் பழைய இரும்புக்குப் போனது, பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார்கள் நிற்கின்றன. கரண்ட் இறங்கி விளக்கு மங்குவதுகூட இப்போது அந்தத் தெருவில் இல்லை.

மாலையில் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டினேன். இரண்டாவது கரண்டியிலேயே வாயை மூடிக்கொண்டாள். பிறந்த வீட்டுப் பேர்களை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கையைப் பிடித்துக் கெஞ்சினேன், திட்டக்கூடச் செய்தேன். அவள் உதடு அசையவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் ஒரே நினைப்புதான்: அந்தக் கேசட்டின் இரைச்சலோடு, அந்த இருமலோடு, கிட்டார் ஏறிவந்து, தாவல் மட்டும் இல்லாமல் போனால், அந்த வெற்றிடத்தை அவள் சும்மா விட்டுவிடுவாளா, மூச்சை இழுத்துக் கத்திவிட மாட்டாளா?

மறுநாள் எழுந்ததும், பால்கூடக் காய்ச்சாமல், உக்கடம் ரேடியோக்காரருக்குப் போன் செய்தேன். "வெட்டிப்போடுங்கண்ணா. ஏறி வார வரைக்கும் இருந்தாப் போதும்."