தாய்மாமன் வந்த வேகம்

எனக்கு ஏழு வயதில் காது குத்தினார்கள். மூன்றிலோ ஐந்திலோ குத்தியிருக்க வேண்டியது. ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டவர்கள், மாமாவுக்குக் குவைத்தில் டிரைவர் வேலைக்கு விசா வந்ததும் அவசரப்பட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் வீட்டில் காது குத்துவதில்லை. அம்மாவுக்கு இருப்பது ஒரே தம்பி. விமானம் ஏறிவிட்டால் எப்போது திரும்புவாரோ. அதனால் அவருக்காகவே ஒரு வெள்ளிக்கிழமையைப் பார்த்து, கீரனூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் வைத்துவிடுவதென்று முடிவாயிற்று.

அன்று பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆசாரி ஊசியைத் தீட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மாமாவைத்தான் காணோம். அறந்தாங்கியிலிருந்து, தான் ஓட்டும் வாடகை வேனில் சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தார். பூக்கடையில் எனக்கான மாலை கட்டி முடியத் தாமதமாகிவிட்டதாம்.

அந்தக் கூட்டத்தில் செல்போன் வைத்திருந்தவர் பெரியப்பா ஒருவர்தான். சிக்னல் தேடிக் கோயிலைப் பிரதட்சணம் செய்தபடியே மாமாவை விரட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கிட்டு மாப்ள வார? இப்பத்தான் புதுக்கோட்டையா? வேன் ஓட்டுறியா, மாட்டுவண்டி ஓட்டுறியா? இப்புடிப் போனா குவைத்துக்காரன் மறுநாளே திருப்பி அனுப்பிருவான். அழுத்தி வா!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா போனை வாங்கி, “சீக்கிரம் வாடா தம்பி, புள்ள பச்சைத்தண்ணி குடிக்காம ஒக்காந்திருக்கா” என்றாள்.

பத்தரை தாண்டியது. மாமா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ராகுகாலமும் கழிந்து, பசியில் நான் சிணுங்கத் தொடங்கிய பிறகு, பஸ் நிற்கும் ரோட்டிலிருந்து நடந்து வந்தார். கையில் அந்த மாலை மட்டும் இருந்தது. சட்டையில் ரத்தம்.

புதுக்கோட்டையைத் தாண்டி வரும்போது ஒரு பால்காரர் மண்பாதையிலிருந்து மொபெட்டில் திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் ஏறியிருக்கிறார். பிரேக் அடித்தும் வேன் நிற்கவில்லை. மாமாவே அவரைத் தூக்கிச் சீர்த்தட்டுகளுக்கு நடுவே படுக்க வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். வேனை ஸ்டேஷனில் விட்டுவிட்டு, சாயந்தரம் வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“பால் போச்சே, பால் போச்சேன்னு அழுவுறாருக்கா. காலு முறிஞ்சதே அவருக்குத் தெரியல.”

முதலில் பேசியவர் பெரியப்பா. “ஒன்னைய யாரு இப்புடிக் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டச் சொன்னது?”

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், எதையும் கேட்டுத் தெளிபவர். மாமாவைத் தனியாக அழைத்து உட்கார வைத்தார்.

“எவ்வளவுல வந்த?”

“எழுவதத் தாண்டி இருக்கும் அத்தான். அந்த எடத்துல எப்பவும் அறுவதுலதான் போவேன்.”

“ஹாரன் அடிச்சியா?”

“அடிச்சேன்.”

“ரோட்டப் பாத்துத்தான ஓட்டுன?”

“பாத்துத்தான் ஓட்டுனேன்.”

“அப்பறம் என்னடா? கொஞ்சம் வேகமா வந்த, அவ்வளவுதான். அவரு பாக்காம ஏறுனதுக்கு நீ என்ன செய்வ?”

ஸ்டேஷனிலும் அப்பா அதையே வாதாடினார் என்று பிற்பாடு அம்மா சொல்லியிருக்கிறாள். வேகம் வேறு, அஜாக்கிரதை வேறு என்றாராம். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிராமலே, “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்னு ரெண்டையும் சேத்துத்தான் சார் எழுதுவோம்” என்றிருக்கிறார். லைசென்ஸ் கோர்ட்டில் கிடந்தது. வழக்கு வாய்தா வாய்தாவாக நீண்டு, விசா காலாவதியானது. பால்காரர் பிழைத்தார், ஆனால் காலைச் சாய்த்துத்தான் நடந்தார். அவர் மேல்தான் தப்பு என்று சொல்லித் தப்பிக்க வழி இருப்பதாக வக்கீல் சொன்னபோது மாமா கேட்கவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏன்டா என்று அப்பா சத்தம் போட்டதற்கு, “அறுவதுல வந்திருந்தா வண்டி நின்னுருக்கும் அத்தான். அது எனக்குத் தெரியுமுல்ல” என்றாராம். அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இப்போதும் அறந்தாங்கியில் ஒரு ஹார்டுவேர் கடையில் நிற்கிறார்.

இத்தனை வருஷம் கழித்தும் யார் பக்கம் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. மகள் பள்ளி வேனைத் தவறவிட்டு நானே கொண்டுபோய் விடும் காலைகளில் என் ஸ்கூட்டரின் முள் கொஞ்சம் கூடுதலாக ஏறுகிறது. இதெல்லாம் ஒரு வேகமா, பார்த்துத்தானே ஓட்டுகிறேன் என்று அப்பாவைப் போலச் சொல்லிக்கொள்கிறேன். அதே வேகத்தில் அவளுடைய பள்ளி வேன் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தால், ஏட்டு சேர்த்து எழுதியதுதான் சரி என்று படுகிறது. அழுத்தி வரச் சொன்னவர்களைப் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இல்லை.

மாமா வந்து சேர்ந்த அந்தப் பிற்பகலில் இதையெல்லாம் யார் கண்டார்கள்? சமையல் ஆறுகிறது, ஆசாரியும் காத்திருக்கிறார், மாப்பிள்ளை ஸ்டேஷனுக்குப் போவதற்குள் காதைக் குத்திவிடலாம் என்றார் பெரியப்பா. மாமாவின் சட்டையைக் கழற்றி அப்பாவின் சட்டையைப் போட்டுவிட்டார்கள். கை நீளம் பொருந்தாமல் மடித்துவிட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்து, என் கழுத்தில் மாலையைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

உட்கார்ந்ததும் மடி ஆடத் தொடங்கியது. தொடை இரண்டும் நிற்காமல் தூக்கித் தூக்கிப் போட்டன.

ஆசாரி ஊசியை விலக்கிக்கொண்டு, “மடிய ஆட்டாதீங்க தம்பி, எடம் மாறிக் குத்திரும்” என்றார்.

“நான் ஆட்டலங்க” என்றார் மாமா.

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசிக்கு நான் பயப்படாமல் இருக்க மாமா குதிரை விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன். “இன்னும் வேகமா, மாமா” என்றேன்.