காத் இலை வறை

எங்கள் வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுபோன கோப்பை எதிர்வீட்டிலிருந்து ஒருநாளும் வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை. அம்மா வடை கொடுத்தால் சமோசா வரும். பாயாசம் கொடுத்தால் பேரீச்சம்பழம் வரும். வெறும் கோப்பை திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்பது யாழ்ப்பாணத்தில் மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்திருந்த அம்மாவுக்கு, சோமாலியாவிலும் அப்படித்தான் என்று அறிந்ததில் பெரிய சந்தோஷம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்காபரோவில் ஒரு கட்டடத்தின் பதினோராவது மாடியில் இருந்தோம். எதிர்வீட்டு அங்கிள் தன் நாட்டில் ஆசிரியராக இருந்தவர். இங்கே டாக்ஸி ஓட்டினார். சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் வீட்டில் ஆண்கள் கூடுவார்கள். தரையில் மெத்தைகள், பெரிய பிளாஸ்கில் ஏலக்காய்த் தேநீர், நடுவில், மென்றால் தூக்கம் கலைத்து உற்சாகம் தரும் காத் இலை. ஆபிரிக்காவிலிருந்து விமானத்தில் வரும் அந்தக் கொப்புகள் வாடுவதற்குள் சப்பிவிட வேண்டும். அரசாங்கம் அதை இன்னும் தடை செய்திராத காலம். தளிரைக் கிள்ளிக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஊர்ச் செய்தி, கல்யாணப் பேச்சு, சண்டை தீர்ப்பது எல்லாம் அந்த இருப்பில்தான் நடக்கும். அவருடைய மனைவிக்கு அதில் அவ்வளவு பிரியமில்லை. அவர்களுக்கு வாய் ஓயாது, தேநீர் ஊற்றி எனக்குக் கை ஓயாது என்பார்.

இதெல்லாம் அவர்களின் மகளோடு விளையாடப் போகும் எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. எங்கள் அப்பாவின் கூட்டத்தைப்போல அவர்களும் சீட்டாடுகிறார்கள் என்றே நினைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம் அங்கிள் கதவைத் தட்டினார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா கீழே உடுப்புத் தோய்க்கப் போயிருந்தார். வாழையிலையில் சுற்றிய கட்டு ஒன்றை என் கையில் தந்து, தங்கள் ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டது, நாலு மணிவரை உங்கள் ஃப்ரிட்ஜில் வை என்றார் ஆங்கிலத்தில். ஆசிரியராக இருந்த பழக்கமோ என்னவோ, பெரியவர்களிடம் சொல்வதுபோல என்னிடமும் காரணம் சொன்னார். சண்டை பிடித்து ஒரு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத மச்சான்மார் இருவரைத் தன் வீட்டில் உட்கார வைக்கப் போகிறார். இலை இருந்தால்தான் அவர்கள் எழும்பாமல் இருப்பார்கள்; இருந்தால்தான் பேசுவார்கள்.

நான் தலையாட்டினேன். தொலைக்காட்சியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. கட்டைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, விளம்பரம் வரும்போது ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று போய் உட்கார்ந்தேன்.

அம்மா திரும்பி வந்ததை நான் கவனிக்கவில்லை. குசினியில் கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டுத்தான் எழும்பினேன்.

"ஆரடி உதைத் தந்தது? எதிர்வீட்டு அங்கிளோ?"

"ஓம்."

"பாத்தியே, பொங்கல் குடுத்து விட்டதுக்கு வாழையிலையிலை சுத்திக் கீரை தந்திருக்கினம். இந்தக் குளிருக்கை வாழையிலைக்கு எங்கை போச்சினமோ! என்ன மரியாதையான சனம்."

அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். பாதிதான் அரிந்திருந்தார். ஆனால் அம்மா இப்படிச் சிரித்துப் பல நாளாகியிருந்தது. அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது. உண்மையில் அடி விழும் என்ற பயமாகவும் இருக்கலாம்.

தண்டுகள் முற்றல் என்று அம்மா கட்டடத்தின் அடித்தளம்வரை போகும் குப்பைக் குழாயில் போட்டார். இலையை வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூவோடு வறையாக்கினார். உப்புப் பார்த்தவர் முகத்தைச் சுளித்து, "கொஞ்சம் கைக்குது. உடம்புக்கு நல்லதாக்கும்" என்றார்.

நாலு மணிக்கு அங்கிள் வந்தார். அம்மா சட்டியோடு வாசலுக்குப் போய்த் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். அங்கிள் சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சட்டியைப் பார்த்தார். கொப்புகள் எங்கே என்று கேட்டார். அம்மா குப்பைக் குழாய் இருந்த பக்கம் கையைக் காட்டினார். அதற்குள் அம்மாவின் முகமும் மாறிவிட்டது.

"ஐயோ கடவுளே! தாறதுக்கெண்டு கொண்டந்ததில்லையோ? ஏனடி மலைச்சுப்போய் நிக்கிறாய்? பிள்ளையிட்டை ஏதும் சொல்லிப்போட்டுப் போனவரோ எண்டு கேள்."

வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். என்னைக் காட்டிக்கொடுக்கும் கேள்வியை நானே கேட்க வேண்டியிருந்தது. மாற்றிக் கேட்கவும் முடியாது. அந்தளவு ஆங்கிலம் அம்மாவுக்கு விளங்கும். நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

அங்கிள் ஒருமுறை தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால், திறந்திருந்த அவர் வீட்டுக் கதவு வழியாக, இரண்டு ஆண்கள் அறையின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"இல்லை. பிள்ளையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். என் பிழை" என்றார்.

அம்மா வெட்கம் தாங்காமல் சோற்றையும் அந்த வறையையும் அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்தார். மூலையில் இருந்தவர்களில் ஒருவர் ஒரு வாய் தின்றுவிட்டு ஏதோ சொன்னார். மற்றவர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பினார். ஊரில் இதை ஆடும் பச்சையாகத்தான் தின்னும், மனிதனும் பச்சையாகத்தான் தின்பான்; தேங்காய்ப்பூ போட்டு இன்றைக்குத்தான் காண்கிறேன் என்றாராம். அங்கிளின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தபடி எனக்குச் சொன்னார். ஆனால் இலை இல்லாமல் எவ்வளவு நேரம்தான் இருப்பது? தேநீர் முடிந்ததும் எழுந்தார்கள். ஒருவர் லிஃப்ட்டில் இறங்கிப் போனார். மற்றவர் அடுத்த லிஃப்ட்டுக்காகக் காத்து நின்றார். பிறகு சமாதானமானார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை.

நான் தப்பியதற்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. இந்த இலையைச் சப்புகிறவர்களுக்குச் சொன்னதெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். பாவம் அங்கிள் என்று இரக்கப்பட்டேன். பல வருடம் அப்படித்தான் நம்பினேன்.

இப்போது என் மகளுக்கு ஆறு வயது. ஏதாவது பிழை விட்டுவிட்டு அவள் நிலத்தைப் பார்த்து நிற்கும்போது திட்டுவதா விடுவதா என்று தடுமாறுகிறேன். எதைச் செய்தாலும் பிறகு மற்றதைச் செய்திருக்கலாமோ என்று யோசிக்கிறேன். அப்படி யோசித்த ஒருநாள்தான் கணக்குப் பார்த்தேன். அன்று நாலு மணிக்கு எங்கள் வாசலில் நின்ற அங்கிள் ஒரு இலைகூடச் சப்பியிருக்கவில்லை. எல்லாம் எங்கள் சட்டிக்குள் இருந்தது.