முயலைப் பிடிக்கச் சொன்ன டாக்டர்

பம்மல் தோல் பட்டறையை விட்டபின், தாம்பரம் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முயல்களுக்குத் தீனி வைத்தேன். அங்கே வந்த மயக்க மருந்து டாக்டர் ஒல்லியானவர். ஊசி போடுமுன் சிரிஞ்சை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவார். முதுகுத்தண்டருகே மருந்தை ஒரேயடியாகச் செலுத்துவது நல்லதா, மெல்லிய குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகவா என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உன் கையிலதான் முயலுங்க உதறாம இருக்கு. நீயே புடிச்சுக்கோப்பா. கால் மரத்துப்போகும், சாயங்காலம் நடந்துடும்" என்றார். ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொடுத்தேன்.

சாயங்காலம் அருகம்புல்லோடு போனேன். கூண்டுகள் காலியாக இருந்தன.

"இன்னா சார், நடக்கும்னு சொன்னியே?"

"நடந்துச்சு, எழுதிக்கிட்டோம். ஆனா மருந்துல கலந்த சாயம் எதுவரைக்கும் போச்சுன்னு அறுத்தாத்தான் தெரியும். முன்னாடியே சொல்லியிருந்தா நீ புடிச்சிருப்பியா?"

பிடித்திருக்க மாட்டேன். நான் வேலை பார்த்த இடங்களில் என்னை அவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.