உயிரோடு இருந்தவருக்கு ஒப்பாரி

ஊரில் யார் செத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒப்பாரி என் பிழைப்பு, விவசாயிகள் சங்கம் என் பைத்தியம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தது என் வாய்க்கொழுப்பு.

ஐம்பதுகளில் ஒரு வருடம், குத்தகை நிலத்தை விட்டு எங்களை விரட்டப் பார்த்தார் நிலக்காரர். சங்கத்து ஆட்கள் அவரைப்போல வைக்கோலில் கொடும்பாவி கட்டி, கன்னட எல்லையோரத் தளிக்குப் போகும் சாலையில் இழுத்தார்கள். கொடும்பாவிக்கும் அழ ஆள் வேண்டுமே! பொம்மைதானே என்று சும்மா முனகியிருக்கலாம். நானோ அவர் குதிரை, கேழ்வரகுக் களம், வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் சொல்லி மாரடித்துப் பாடிவிட்டேன். உயிரோடு இருப்பவரின் அடையாளம் சொல்லி ஒப்பாரி வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே, ஊர்வலத்தில் கொடி பிடித்த என் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் நிலக்காரரிடமிருந்து ஆள் வந்தான். "ஐயா முன்னாடி வந்து பாடினா உம்புருசனை விடச் சொல்றாராம்."

போனேன். உச்சி வெயில். முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் தெற்கே தலைவைத்துப் படுத்திருந்தார். கால் கட்டைவிரல் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. கதவுக்குப் பின்னால் வீட்டுப் பெண்கள் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார்கள். ஒருத்தியும் வெளியே வரவில்லை.

"வாமே. நேத்துப் பாடினதைப் பாடு. ஒரு வரி விடாத." சொல்லிவிட்டு வேட்டித் துணியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

பாடினேன். துணி மூச்சுக்கு ஏறி இறங்கியது. பாடப் பாட அது மெதுவானது. பிறகு அசையவே இல்லை. ஐயோ, என் நாக்கு ஆளையே தின்றுவிட்டதா? பயத்தில் நிறுத்திவிட்டேன்.

"எனக்குப் போதும்" என்றது துணிக்குள்ளிருந்து குரல். "இதே ராகத்துல இப்ப உம்புருசனுக்குப் பாடு."

எனக்குக் கோபம் வந்தது. "எம்புருசன் உசுரோட இருக்காரு. ஐயாதான் பொணமாட்டம் படுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஸ்டேஷனுக்கு இரண்டு மணி நேர நடை. வேண்டாம், வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டே போனேன். அப்படியும் வந்துவிட்டது, அவருக்கான ஒப்பாரி. அவர் தோள் துண்டு, அவர் ஓட்டிய ஏர், அவர் பிடித்த கொடி என்று அடி அடியாகத் தானே கூடியது.

கம்பிக்குப் பின்னால் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார். "எதுக்கு அழுவுற? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சிரித்தார். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இருபது வருடம் என்னோடு வாழ்ந்தார். அவர் நிஜமாகவே போன அன்று, நான் ஒரு வரிகூடத் தேட வேண்டியிருக்கவில்லை.