கொறடா இருமிய நாளில் முட்டையம்மா

முட்டையம்மா தூங்கிவிட்டார் என்பதுதான் ஊர்ப்பேச்சு. நகரசபையில் ஓட்டெடுப்பு நடக்கும்போது வாயைப் பிளந்து குறட்டை விட்டாராம். பக்கத்து உறுப்பினர் முழங்கையால் இடித்ததும், என்ன ஏது என்று தெரியாமல் கையைத் தூக்கினாராம். அந்தத் தூக்கக் கலக்கத்தில்தான் சந்தை இடிபடாமல் தப்பியதாம். சலூன்காரர் இதைக் குறட்டையோடு நடித்தே காட்டுவார். கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருப்பவர் சிரித்து முடிக்கும்வரை சவரம் பாதியில் நிற்கும்.

நடந்தது வேறு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முட்டைக் கடையிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த அம்மாவும் கணவரும் முட்டை மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். வண்டியிலிருந்து அட்டை அட்டையாக இறக்குவது, உடைந்ததைப் பிரிப்பது, கடை கடையாக அனுப்புவது எல்லாம் அம்மா. கல்லாவில் உட்கார்ந்து அரசியல் பேசுவது கணவர். பேசிப் பேசியே அவருக்குக் கட்சியில் செல்வாக்கு வந்தது. தேர்தலில் நிற்பதற்காகப் புதுச் சட்டைகூடத் தைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

கட்சியின் கொறடா கடைக்கு வந்தார். சபையில் யார் எப்போது எதற்குக் கை தூக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களை மேய்ப்பதுதான் கொறடாவின் வேலை. உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, அண்ணி சும்மாதானே இருக்காங்க?”

அண்ணி அப்போது தலைக்கு மேலே முட்டை அட்டைகளைச் சுமந்துகொண்டு நின்றிருந்தார்.

“சும்மாதான் இருக்கா,” என்றார் கணவர்.

“அப்ப அவங்களையே நிறுத்திடுவோம்.”

“எனக்கு அரசியல் ஒண்ணும் தெரியாதுங்களே,” என்றார் அம்மா, அட்டைக்கு அடியிலிருந்து.

“எங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? நீங்க சும்மா வாங்க அண்ணி.”

சுவரொட்டியில் கணவரின் முகம் பூசணிக்காய் அளவு. வேட்பாளரின் முகம் அதன் ஓரத்தில் முட்டை அளவு. எப்படியோ ஜெயித்தார். ஜெயித்தது தான்தான் என்று கணவர் நினைத்துக்கொண்டார். கவுன்சிலர் அறைக்குள் நாற்காலியில் அவர் உட்கார்ந்து கொள்வார். அம்மா வெளியே பெஞ்சில், குறை சொல்ல வந்தவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, மாமியார் கதை மருமகள் கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். அங்கேதான் கணவர் கோட்டை விட்டார். அடுத்த தேர்தல் வந்தபோது அவரை யாருக்கும் ஞாபகமில்லை. பெஞ்சு அம்மாவைத்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதன்பிறகு அம்மா தொழிலை நன்றாகவே கற்றுக்கொண்டார். சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார். செத்தது யார் என்று கேட்பதற்கு முன்பே அழுதுவிடுவார். ஒரு வீட்டில் சுண்ணாம்பு அடிப்பதற்காகச் சாமான்களை வாசலில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துச் சாவு என்று நினைத்து, கூடத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். வீட்டுக்காரர் டீ கொடுத்து அனுப்பி வைத்தார். “உசிரோட இருக்கும்போதே நமக்காக அழுறதுக்கு வேற யாரு இருக்கா?” என்று அந்த வீட்டு ஓட்டெல்லாம் அன்றிலிருந்து அம்மாவுக்குத்தான்.

யார் எந்தக் குறையோடு வந்தாலும் அவரிடம் ஒரே பதில்தான். “நான் இருக்கேன்ல?” சாக்கடை அடைத்திருக்கிறது என்பார்கள். “நான் இருக்கேன்ல?” இருந்தார். சாக்கடையும் இருந்தது.

சபைக்குள் இவ்வளவு உழைப்புகூடத் தேவைப்படவில்லை. தீர்மானத்தை வாசிக்கும்போது யாரும் காது கொடுப்பதில்லை. கொறடா இருமினால் கை தூக்க வேண்டும். இருமாவிட்டால் கை மடியிலேயே கிடக்கலாம். அந்த இருமலுக்குத்தான் பாலத்துக்குப் பெயர் வைத்தார்கள். அந்த இருமலுக்கே அந்தப் பெயரை எடுத்தார்கள். இடையில் அம்மா கட்சி மாறினார், திரும்பி வந்தார், மறுபடி மாறினார். கொறடாவும் கூடவே மாறினார். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் இருமல் மட்டும் மாறவில்லை.

இத்தனை வருஷத்தில் அம்மாவுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். சேர்மன் நாற்காலி. ஒவ்வொரு தடவையும் அது கட்சித் தலைவரின் மகனுக்கோ மருமகனுக்கோ போய்க்கொண்டிருந்தது. இப்போது மைத்துனர் உட்கார்ந்திருக்கிறார். சொந்தக்காரர்கள் தீர்ந்துபோனார்களோ என்னவோ, இந்த முறை தலைவரே கூப்பிட்டுச் சொன்னார்.

“இந்த வாட்டி நீங்கதாம்மா சேர்மன் வேட்பாளர். சீக்கிரமே அறிவிச்சுடுவேன். அதுவரைக்கும் கொறடா சொல்றபடி கை தூக்குங்க, போதும்.”

அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே நேரத்தில் தங்கை வந்தார். சந்தையில் மீன் விற்பவர். வாயும் சந்தை வாய்.

“ஏன்க்கா, எங்க ஷெட்டையெல்லாம் இடிக்கப் போறாங்களாமே?”

“யாருடி சொன்னது? நான் இருக்கேன்ல?”

“நீ இருக்கறதுனாலதான் பயமா இருக்கு.”

கூட்ட நாள் வந்தது. எதிர்க்கட்சியினர் வழக்கம்போல முதலிலேயே வெளிநடப்புச் செய்து கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். கொறடாவுக்கு அன்று கடுமையான சளி.

சேர்மன் வணக்கம் சொன்னார். கொறடா இருமினார். எல்லோரும் கை தூக்கினார்கள். காலமான பழைய உறுப்பினருக்கு இரங்கல் வாசித்தார். மறுபடி இருமல், மறுபடி கைகள்.

“யோவ், ஒருத்தர் செத்ததுக்கு ஆதரவாய்யா?” என்று சேர்மன் தலையில் அடித்துக்கொண்டார்.

முட்டை சுமந்த காலத்திலிருந்தே அம்மாவுக்குத் தோள் வலி உண்டு. தூக்கித் தூக்கி இறக்கியதில் அது விண்விண் என்று தெறித்தது. இனி இந்த இருமலை நம்பிப் பயனில்லை, விஷயத்தைக் கேட்டே தூக்குவோம் என்று முடிவு செய்தார். நகரசபைச் செயலாளர் ‘நகர அழகுபடுத்தும் தீர்மானம்’ என்று வாசிக்கத் தொடங்கினார். பக்கத்து உறுப்பினர் சம்பந்தி வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவர் வாயைக் கையால் பொத்திவிட்டுக் கேட்டார். மீன் ஷெட், காய்கறி ஷெட், கருவாட்டு வரிசை எல்லாவற்றையும் அகற்றி, கார் நிறுத்துமிடம் கட்டுவதுதான் அழகாம்.

“ஆதரிக்கிறவங்க?” என்றார் சேர்மன்.

கொறடா இருமினார். இது சளியல்ல, உத்தரவு. எல்லாக் கைகளும் எழுந்தன. அம்மாவின் கை மடியிலேயே இருந்தது. கொறடா திரும்பி, அவரை மட்டும் முறைத்து, இன்னொரு தடவை இருமினார்.

“வெந்நீர் குடிங்க தம்பி,” என்றார் அம்மா.

“எதிர்க்கிறவங்க?” சேர்மன் ஒப்புக்குத்தான் கேட்டார். கொறடா வாயைப் பொத்தினார். கைக்குட்டையைத் திணித்தார். முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் பீறிட்டுக்கொண்டு வந்தது இருமல். தூக்கிய அத்தனை கைகளும் மறுபடி எழுந்தன. இந்த முறை அம்மாவின் கையும்.

செயலாளர் எழுந்தார். “ரெண்டு பக்கமும் கை தூக்கினவங்க ஓட்டு செல்லாது சார்.”

“அப்ப யாரு ஓட்டுதான்யா செல்லும்?”

“முட்டையம்மா ஓட்டு மட்டும் சார்.”

தீர்மானம் தோற்றது. தோற்ற தீர்மானத்தை அடுத்த தேர்தல் முடியும்வரை மறுபடி கொண்டுவர முடியாது. கேன்டீனிலிருந்து ஓடி வந்த எதிர்க்கட்சியினர், கை கழுவாமலேயே இது தங்கள் வெற்றி என்று கோஷம் போட்டார்கள்.

கட்சித் தலைவர் அம்மாவை வீட்டுக்கு வரச் சொன்னார். கணவரும் கூடப் போனார்.

“நீங்க என்னை எதிர்த்தீங்கன்னு பேப்பர்ல வந்தா என் மானம் போயிடும். நாளைக்கு நிருபருங்க வராங்க. தூங்கிட்டேன்னு சொல்லுங்க. வயசாச்சு, ஜனங்க நம்புவாங்க. சொன்னா நீங்கதான் சேர்மன் வேட்பாளர். இல்லன்னா கட்சியிலயே கிடையாது.”

“சொல்லிட்டுப் போயேன்,” என்றார் கணவர். “தூங்கறது என்ன குத்தமா? நான் தினமும் தூங்கறேன்.”

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் வீடு திரும்புவதற்குள் தூங்கிய கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சலூன்காரர்தான் அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர்.

மறுநாள் கட்சி அலுவலகத்தில் நிருபர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு பக்கம் தலைவர், இன்னொரு பக்கம் கணவர், நடுவில் அம்மா. ஒரு நிருபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“என்னம்மா, ஓட்டெடுப்புல நீங்க தூங்கிட்டீங்களாமே?”

அம்மா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“தூங்கினது உண்மைதான் தம்பி,” என்றார். தலைவர் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. “ஆனா அன்னிக்கு இல்ல. அதுக்கு முன்னாடி இத்தன வருஷமும் தூங்கினேன். அன்னிக்கு ஒரு நாள்தான் முழிச்சிருந்தேன்.”